வாசலில் நின்று கேட்டவருக்கு

இன்று காலையில் ஆசாரி வந்து நம் வீட்டு வாசல் கதவைக் கழற்றினார். கச்சான் காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு கீழ்ப்பலகையைத் தின்றிருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. புதுக் கதவை மாட்டி முடித்தபிறகு, பழைய கதவில் இருந்த பித்தளை வளையத்தை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார். "இது இனி எதுக்கும்மா? அதான் பெல்லு வச்சாச்சுல்ல" என்றார். வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கை கழுவப் போனால் உள்ளங்கையில் பித்தளை வாசம். கழுவாமல் திரும்பி வந்துவிட்டேன்.

சபரிலிருந்து நீங்கள் வந்து இறங்கும் நாட்களில் உங்கள் விரலில் இருந்த வாசம் அது. கடல் தாண்டிப் பிழைக்கப் போவதை நம் ஊரில் சபர் என்கிறோம். சபர் போனவர் திரும்பினால் தைலத்து வாசம், சோப்பு வாசம், புதுக் கைலி வாசம் எல்லாம் வரும். அவையெல்லாம் பெட்டியைத் திறந்த பிறகு. அதற்கு முன்னால் எனக்கு வந்து சேர்வது இந்தப் பித்தளை வாசம்தான். அதை முகர்ந்தபோது உங்களுக்கு எழுதவேண்டும் போல இருந்தது.

பேத்தி பக்கத்தில் வந்து, "நன்னிமா, நீங்க சொல்லுங்க, நான் போன்ல அடிச்சுத் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் நம் தெருப் பெண்கள் தங்கள் மாப்பிள்ளை எழுதிய கடிதத்தை அடுத்தவர் வாயால் கேட்டு வெட்கப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், உங்கள் கடிதத்தை நானே பிரித்து நானே படித்தேன். பதிலையும் நானே எழுதினேன். அதே கைதான் இதையும் எழுதுகிறது. நலமா என்று கேட்டுத் தொடங்கிப் பழகிய கை, இன்று எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு தாளை வீணாக்கிவிட்டது.

நம் ஊரில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பெண் பிறந்த அன்றே வாப்பாமார் மனசுக்குள் ஒரு வீட்டுக்கு வானம் தோண்டிவிடுவார்கள். கல்யாணம் முடிந்தால் அந்த வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்கு வந்துவிடுவார். தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும் கதீஜா வீடு, செய்யதும்மா வீடு என்றுதான் கைகாட்டுவார்கள்.

என் வாப்பா எனக்கு வீடு கட்டுவதற்கு முன்னாலேயே மவுத்தாகிவிட்டார். உம்மா இருந்த வீடு மூத்தவள் ராத்தாவுக்குப் போய்விட்டது. என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "புள்ள லட்சணமாத்தான் இருக்கு. வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. உங்களுக்கும் சேர்த்து உங்கள் ராத்தா, என் மதினி, கேட்டார். மதினியின் குரல் எட்டாத வீடு அன்றைக்கும் நம் தெருவில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

"வீடில்லாத புள்ளையக் கட்டிக்கிட்டு நீ எங்கலே போய்ப் படுப்பே? கடக்கரையிலயா?"

"கடக்கரையில காத்து நல்லா வருமே ராத்தா" என்றீர்களாம். மதினிதான் பிற்பாடு சொன்னார். சொல்லிவிட்டு, "இப்புடிப் பேசுறவன என்ன செய்ய?" என்று என்னிடமே கேட்டார்.

வாடகை வீட்டில் மூத்தவன் பிறந்தான். நீங்கள் துபாய்க்குப் போய் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கினீர்கள். அந்தச் சம்பளத்தில்தான் இந்த மனை. அதை வாங்கிய சமயம் மகள் ஜுனைதா பிறந்து நான் தீட்டு கழியாமல் நாற்பது நாள் படுக்கையில் இருந்தேன். ராமநாதபுரம் பதிவு ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போக முடியவில்லை. "எம்பேர்ல எழுதிட்டு வாரேன், பொறவு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தப் ‘பொறவு’ வரவே இல்லை. வீடெல்லாம் பெண்களுடையதாக இருக்கும் ஊரில், பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று எவர் பார்ப்பார்? நானும் பார்க்கவில்லை. நீங்களும் மறந்துவிட்டீர்கள். தெரு முழுவதும் இதை என் பேர் சொல்லியே அழைத்தது.

குடிவந்த நாள் உங்களுக்கு நினைவு இருக்கும். மவ்லூது ஓதி முடித்து, சாப்பிட்ட ஆட்கள் இன்னும் கலையாமல் நின்றார்கள். நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். உங்கள் உம்மா, மதினி, என் ராத்தா எல்லோரும் பார்க்க, "இந்த வீட்ட உனக்குக் குடுத்துட்டேன். வாங்கிக்க" என்று என் கையில் வைத்தீர்கள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. சாவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். நீங்கள் அதோடு விட்டீர்களா? விடுவிடு என்று வெளியே போய்ப் படியிறங்கித் தெருவில் நின்றீர்கள். வளையத்தை ஆட்டினீர்கள்.

"வீட்டுக்காரவுக இருக்காகளா? உள்ள வரலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். மதினி என் தோளில் இடித்து, "ஏ புள்ள, பதில் சொல்லு. வெயில்ல நிக்கிறான்" என்றார். அப்போதுதான் நான் "வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டது. உள்ளே வந்தீர்கள்.

அன்றைய விளையாட்டு அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது உங்கள் வழக்கமாகிவிட்டது. சபரிலிருந்து வந்தாலும், தொழுதுவிட்டு வந்தாலும், முக்கு வரை போய் வெற்றிலை வாங்கி வந்தாலும் வளையம் ஆடும். நான் அடுப்படியில் இருந்து "வாங்க" என்று சொன்னால்தான் கால் படிதாண்டும். செருப்பையும் வந்த விருந்தாளி மாதிரி தெருவைப் பார்க்கத் திருப்பி விடுவீர்கள். தெருவில் போகிறவர்கள், "என்ன காக்கா, இன்னிக்கு உத்தரவு ஆயிருச்சா?" என்று கேலி பேசுவார்கள். "மனு போட்டிருக்கேன், பாப்போம்" என்பீர்கள்.

ஒருநாள் உங்கள் மீது எனக்குக் கோபம். எதற்கு என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. நீங்கள் மீன் வாங்கிவந்து வாசலில் நின்றீர்கள். வளையம் ஆடியது. நான் தேங்காய் துருவிக் கொண்டிருந்தேன். மறுபடி ஆடியது. துருவிக் கொண்டே இருந்தேன். தெருப் பூனையெல்லாம் உங்கள் காலைச் சுற்றிக் கூடிவிட்டன. "ஏ, மீனு கெட்டுப் போகுது" என்றீர்கள். அப்புறம், "நான் கெட்டுப் போனாலும் பரவாயில்ல, மீனையாவது உள்ள கூப்புடு" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தது காதில் விழுந்தும் நீங்கள் உள்ளே வரவில்லை. அந்தச் சொல் வந்தால்தான் ஆச்சு. அன்றைக்கு அந்தத் தேங்காயை அரைத்து ஊற்றி வைத்த பாறை மீன் ஆணத்தின் ருசி, சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நிமிஷம் நாக்கில் இருக்கிறது.

சபர் முடித்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபிறகு உங்களுக்கு முழங்கால் வலி வந்தது. நிற்கவே கஷ்டப்பட்டீர்கள். "இனி என்ன விளையாட்டு, வந்து உக்காருங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஒரு கை நிலையில், ஒரு கை வளையத்தில்.

போன வருசம் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனீர்கள். "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினீர்கள். மறுநாள் உங்களைக் கொண்டுவந்தார்கள். வண்டி வாசலில் நின்ற சத்தம் கேட்டது. நான் நடுவீட்டில் இருந்தேன். பெண்கள் என்னைச் சுற்றிப் பிடித்திருந்தார்கள். தூக்கி வந்தவர்கள் நேரே உள்ளே வந்துவிட்டார்கள். வளையம் ஆடவில்லை. எல்லோரும் அழுதார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டுக்குள் நீங்கள் கேட்காமல் வந்தது அன்றைக்கு ஒருநாள்தான். நானும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று வாய் திறந்தது. திறந்த வாயில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள்.

இத்தா இருந்தேன். கணவன் மவுத்தான பெண் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம். வெள்ளை உடுத்திக்கொண்டு, பகலெல்லாம் இந்தக் கூடத்திலும் அடுப்படியிலும் நடந்தேன். எனக்குச் சிரமமாக இல்லை. வெளியே போய் யாரைப் பார்க்கப் போகிறேன்? ஒவ்வொரு தொழுகை முடியும் நேரத்திலும் காது மட்டும் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்.

இத்தா முடிந்தபிறகு சென்னையில் இருந்து இளையவன் வந்தான். கபீர் மீது கோபப்படாதீர்கள். அவன் கேட்டது நியாயம்தான். மதுரைப் பெண்ணைக் கட்டினான். அந்தப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இல்லை, நம் பக்கம் ஆணுக்கு இல்லை. இரண்டு ஊர் வழக்கத்துக்கும் நடுவில் விழுந்த பிள்ளை அவன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வாடகை வீடு வாடகை வீடாக மாறிக் கொண்டிருக்கிறான்.

"உம்மா, வாப்பா உயில் எழுதல. பத்திரம் வாப்பா பேர்ல இருக்கு. மார்க்கப்படி உங்களுக்கு எட்டுல ஒண்ணு. மிச்சத்துல துபாயில இருக்குற காக்காவுக்கும் எனக்கும் ரெண்டு ரெண்டு பங்கு, ராத்தாவுக்கு ஒரு பங்கு. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல" என்றான்.

ஜுனைதா பிள்ளைகளோடு என்கூடத்தான் இருக்கிறாள். வழக்கப்படி எனக்குப் பிறகு இது அவள் வீடு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். "பங்கு வைக்கிறதுன்னா விக்கணும். வித்தா உம்மா எங்கடா போவாக?" என்றாள்.

"எங்கூட வரட்டும்."

"நீயே வாடகைக்குத்தான இருக்க."

"அதத்தான் ராத்தா நானும் சொல்றேன்" என்றான். சொல்லும்போது அவன் முகம் உங்கள் முகம் மாதிரி இருந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஏர்வாடி தர்காவுக்கு வரும் ஆட்கள் தங்குவதற்கு லாட்ஜ் கட்ட இடம் தேடிய ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். செருப்போடு கூடத்துக்கு வந்து டேப்பைப் போட்டு அளந்தார். "பழைய கட்டடம், இடிச்சிரலாம்" என்றார். அவர் போனபிறகு நான் எட்டில் ஒன்றைத் தேடிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். எதைக் கேட்பது? அடுப்படியையா, கிணற்றையா? வாசலைத்தான் கேட்பேன் என்று தோன்றியது. கதவும் நிலையும் வளையமும் போதும், மீதியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு நினைத்தேன், உள்ளே வீடு இல்லாத வாசலில் நின்று யாரை யார் கூப்பிடுவது?

அன்றைக்குத்தான் கபீரிடம் வாயைத் திறந்தேன். "வாப்பா இத எனக்குக் குடுத்தாக."

"எழுதிக் குடுத்தாகளா?"

"சொல்லிக் குடுத்தாக."

அவன் சிரிப்பான் என்று பயந்தேன். அவன் சிரிக்கவில்லை. ஜமாத்துப் பெரியவரிடம் போய்க் கேட்டிருக்கிறான். உயிரோடு இருக்கும்போதே ஒருவர் தம் பொருளை இன்னாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லி, அவர் ஏற்றுக்கொண்டு, கைமாறியும் விட்டால் எழுத்து இல்லாவிட்டாலும் அது கொடுத்ததுதான், அதற்கு ஹிபா என்று பெயர், சாட்சி இருக்கிறதா பார்ப்போம் என்று பெரியவர் சொல்லி அனுப்பினார்.

உங்கள் உம்மாவும் இல்லை, என் ராத்தாவும் இல்லை. குடிவந்த அன்று பக்கத்தில் நின்றவர்களில் மிச்சம் இருப்பது மதினி ஒருத்திதான். என்னை என்றைக்கும் வாய்நிறையப் புகழாத மதினி. பெரியவர் வீட்டுக்கு வந்த அன்று கூடத்தில் ஆண்கள் உட்கார, நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் எனக்குச் சொன்னதை ஆண்கள் முன்னால் நானே எடுத்துச் சொல்லவேண்டும் என்பதை நினைக்கவே குடிவந்த நாளின் வெட்கம் மறுபடி வந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். மூத்தவன் துபாயில் இருந்து போனில் கேட்டுக் கொண்டிருந்தான்.

"அவன் குடுத்தத நான் கண்ணால பாத்தேன். இவ சாவிய வாங்குனதையும் பாத்தேன்" என்றார் மதினி.

பெரியவர் தாடியைத் தடவினார். "சரி மாமி. ஆனா கைமாறணும்ல? குடுத்தவரு கடைசி வரைக்கும் இங்கனதான இருந்தாரு?"

"இருந்தான். இல்லங்கல. எப்புடி இருந்தான்னு கேளு. ஆணத்துக்கு மீனு வாங்கியாந்து, இந்தா இந்த வாசல்ல நின்னு, வீட்டுக்காரவுக இருக்காகளா, உள்ள வரலாமான்னு கேப்பான். இவ வாங்கன்னு சொன்னாத்தான் காலு உள்ள வரும். அதுக்காக நான் அவன ஏசாத ஏச்சு இல்ல. ஆம்பளையாலே நீன்னு கேட்டிருக்கேன். தெருவக் கூப்புட்டுக் கேளு. தன் வீட்டுக்குள்ள போறதுக்கு எவன்யா உத்தரவு கேப்பான்? நீ கேப்பியா?"

"எனக்கு ஏது மாமி சொந்த வீடு? எனக்கும் பொஞ்சாதி வீடுதான்" என்றார் பெரியவர்.

"அப்ப நீயும் இனிமே கேட்டுப் பழகு."

எல்லோரும் சிரித்தார்கள். கபீர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நானும் சாட்சிதான். சின்னதுல வாப்பா கைலியப் புடிச்சிக்கிட்டு நானும் அந்த வாசல்ல நிப்பேன். உள்ள ஓடப் போனா வாப்பா கையப் புடிச்சு நிறுத்துவாக. ‘இருலே, உம்மா வீடு, உம்மா சொல்லட்டும்’பாக."

போனில் மூத்தவன், "ஆமா, எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றான். "அப்ப கைமாறுனதுதான்" என்றார் பெரியவர். உங்கள் விளையாட்டைப் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆபீஸ் வேலை. மூத்தவன் லீவில் வந்தபோது மூன்று பேரும் ராமநாதபுரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பட்டா என் பேருக்கு வந்தது. அதில் இருந்த என் பேரை நானே எழுத்துக் கூட்டாமல் வாசித்தேன். அதற்கடுத்து நான் ஒரு வேலை செய்தேன். கொல்லையில் தென்னை நிற்கிற இடத்தைப் பிரித்துக் கபீருக்கு எழுதி வைத்தேன். நம் ஊரில் ஆம்பளைக்கு வீடா என்று மதினி கேட்டார். "வாடகை வீட்டுல உங்க தம்பி பட்ட பாட்டப் பாத்தவ நான்" என்றேன். வாயால் கொடுக்காமல் பத்திரமாகவே பதிந்து கொடுத்தேன். எல்லாருக்கும் உங்கள் ராத்தா போல ஒரு சாட்சி கிடைக்குமா? இந்த வீடு எனக்குப் பிறகு ஜுனைதாவுக்கு. அதையும் எழுதியாகிவிட்டது.

மார்க்கம் தெரிந்துதான் அப்படி வந்து வந்து நின்றீர்களா, வெறும் விளையாட்டுக்குத்தானா? பல நாள் கேட்டுப் பார்க்கிறேன். நேரில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். மீனைத் தூக்கிக் காட்டிப் பேச்சை மாற்றியிருப்பீர்கள்.

வீடு என்னுடையதாகிவிட்டது. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் பெல்லை அமுக்கிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பெல்லையும் அமுக்குவதில்லை. நல்லதுதான், அவர்கள் வீடுதானே. ஆனாலும் லுஹர் தொழுகை முடிந்து தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போது, வாசல் பக்கம் திரும்பாமல் ஒருநாளாவது இருந்துவிடவேண்டும் என்று பார்க்கிறேன். முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல் இன்னும் வாய்க்குள் அப்படியே நிற்கிறது. அதை வேறு யாருக்குச் சொன்னாலும் தீரவில்லை.

ஆசாரி டீ குடித்துவிட்டுச் சாமான்களை எடுக்க வந்தார். வளையத்தை அவரிடம் நீட்டி, புதுக் கதவில் வைக்கச் சொன்னேன். ஜுனைதா, "அத இனி யாரும்மா ஆட்டப் போறா?" என்றாள். எவ்வளவு உயரத்தில் வைக்க என்று ஆசாரி கேட்டார். பழைய கதவைப் பார்த்து அளக்கப் போனவரை நிறுத்தி, நானே கையைத் தூக்கிக் காட்டினேன். என் தலைக்கு மேலே, நீங்கள் நின்றால் கை எட்டும் இடம்.

அல்லாஹ் உங்களுக்கு அங்கே ஒரு வீடு தந்திருப்பான். அதில் பங்கு கேட்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். முழுக்க உங்கள் வீடு. அவன் நாடுகிற அன்று நானும் வருவேன். செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி விட்டுவிட்டு, வளையத்தை ஆட்டி, வீட்டுக்காரவுக இருக்காகளா என்று கேட்பேன்.

உடனே பதில் சொல்லிவிடாதீர்கள் மச்சான். கொஞ்சம் நிற்க வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.